அம்மன் காசைப் பொய் என்றவர்

அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, அவர் தொண்டையிலிருந்து ஒரே அளவில்தான் வரும். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு காதில் சொல்கிற சொல்லை அவர் சந்தை நடுவில் நின்று சொல்வார். அந்தச் சொல் 'பொய்'.

கூடப் பிறந்த அக்கா இல்லை. பீடோர் பக்கம் நாங்கள் ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு எதிர் லயத்து வீடு அவருடையது. என்னைவிட நான்கு வயது பெரியவர். தோட்டத்தை விற்றபோது ஆளுக்கு ஒரு பக்கம் போனோம். கடைசியில் ஈப்போ சிலிபினில் ஒரே வரிசை வீட்டில் வந்து சேர்ந்தோம். அவர் கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது. பேரை எழுதவில்லை. அறுபது வருடமாக அக்கா என்றே கூப்பிட்டவள், இப்போது போய்ப் பேர் சொன்னால் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ டவுனில் பழைய சாமான் சந்தை கூடும். ரோட்டோரம் பாயை விரித்துப் போட்டு, நின்றுபோன கடிகாரம், கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி, விளிம்பு உடைந்த சீனத் தட்டு, பழைய காசு எல்லாம் பரப்பியிருப்பார்கள். ஆறரை மணிக்கே அக்கா என் வாசலில் நிற்பார்.

"ஏ புள்ள, பசியாறிட்டியா? வா, போலாம். நல்லதெல்லாம் போயிரும்லா."

"இன்னும் தலை சீவலக்கா."

"ஒன்னைப் பொண்ணு பாக்கவா வாராங்க? வா!"

அவருக்கு வேண்டியது வெள்ளிக்காசு மட்டும்தான். வேறு எதையும் தொடமாட்டார். காசு வைத்திருக்கிற பாயைக் கண்டால் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். எனக்கும் அவருக்கும் இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும். அவர் எழுத்தைப் பார்த்தவரும் இல்லை. தாடி வைத்த ராஜா, தாடி வைத்த ராஜாவின் மகன், கிழட்டு ராணி என்று முகம் வைத்துத்தான் பிரிப்பார்.

முதலில் காந்தம். உடைந்த ரேடியோவிலிருந்து எடுத்தது, சாவிக்கொத்தோடு இடுப்பில் தொங்கும். காசு ஒட்டினால் பேச்சே இல்லை, தள்ளி வைத்துவிடுவார். "ஒட்டலேனா வெள்ளின்னு நெனச்சுக்காத. பித்தளையும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது" என்பார். பிறகு விரலால் தடவுவார். வார்த்து எடுத்த காசு சோப்புத் தேய்ந்தது போல் வழுவழுவென்று இருக்கும், ராஜாவின் தாடியில் மயிர் தெரியாது, கொழுக்கட்டை பிடித்தது போல் தெரியும். பிறகு விளிம்பு. நல்ல காசில் சுற்றிலும் வரிவரியாகக் கோடு ஓடும். வார்த்த காசில் இரண்டு பாதியும் சேருகிற இடத்தை அரத்தால் ராவி மறைத்திருப்பார்கள், அங்கே கோடு செத்துப்போயிருக்கும். அடுத்தது சத்தம். காசை ஆள்காட்டி விரல் நுனியில் நிற்க வைத்து இன்னொரு காசால் லேசாகத் தட்டி, காதருகே கொண்டுபோவார். வெள்ளி என்றால் கோயில் மணி ஓய்வது போல் இழுத்துக்கொண்டே போகும். கள்ளக்காசு 'டொக்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

இத்தனைக்கும் தப்பி வந்தால் ஐஸ். சந்தை முனையில் ஐஸைச் சீவி ஐஸ் கச்சாங் விற்கிற சீன அம்மாவிடம் ஒரு கோப்பையில் ஐஸ் கட்டி வாங்கி வரச் சொல்வார். ஒரு துண்டைக் காசின்மேல் வைத்தால், வெள்ளியாக இருந்தால் அடுப்பில் வைத்தது போல் கண் முன்னாலேயே கரையும். மற்றக் காசில் கரைய நேரம் எடுக்கும். முதல் தடவை பார்த்தபோது நான் சின்னப்பிள்ளை போல் கைதட்டிவிட்டேன். சுற்றி நின்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். சின்ன ஐஸ் துண்டு ஓடி ஒளிவது போல் கரைந்து தண்ணீரானதும் அக்கா தலையை நிமிர்த்தி, "நெசம்!" என்றார். எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வேறு எதில் கிடைக்கும்?

ஆனால் 'நெசம்' என்று அவர் சொன்னது குறைவு. 'பொய்' என்பதுதான் அதிகம். விற்கிறவரிடம் மெல்ல வைத்துவிட்டு எழுந்து வரமாட்டார். காசைத் தூக்கிப் பிடித்து ஊருக்கே சொல்வார். சில வியாபாரிகள் அவர் தலை தெரிந்ததும் காசுத் தட்டின்மேல் பேப்பரைப் போட்டு மூடினார்கள். வாங்க வந்தவர்களோ அக்காவைத் தேடி வந்தார்கள்.

இந்தக் குணம் சந்தையில் வந்தது இல்லை. தோட்டத்தில், மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் நிறுக்கிற கொட்டகையில், எங்களுக்கு எப்போதும் எடை குறைவாகவே வந்தது. எல்லாரும் முணுமுணுத்தோம். அக்காவுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. ஒருநாள் கடையிலிருந்து கட்டுப் பிரிக்காத அரிசி மூட்டையைத் தலையில் தூக்கி வந்து கணக்கு எழுதுகிற கிராணியின் தராசுக் கொக்கியில் மாட்டினார். மூட்டையில் போட்டிருந்த எண் ஒன்று, தராசு காட்டிய எண் ஒன்று.

"தராசு பொய்!" என்று கத்தினார். அந்தச் சத்தம் பால் காட்டின் கடைசி நிரை வரை கேட்டிருக்கும். மூன்று நாள் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. நாலாம் நாள் புதுத் தராசு வந்தது. அந்த மூன்று நாளும் எங்கள் லயத்தில் வேளைக்கு ஒரு வீடாக அவருக்குச் சோறு போட்டோம்.

இப்படிச் சொன்னால் எல்லாம் பெருமையாக இருக்கும். பெருமை மட்டும் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பெண் நடந்து வந்தபோது அக்கா காதைச் சாய்த்துக் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்து அழுத்தினேன். "வேணாங்க்கா, வேணாம்" என்றேன். அதற்குள் சொல்லிவிட்டார்.

"கொலுசு வெள்ளி இல்ல. சத்தம் பொய்."

மாப்பிள்ளை வீட்டார் போட்ட கொலுசு. அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். மணமேடைக்குப் போகிற பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. அக்கா சொன்னது உண்மைதான், பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தக் கண்ணை நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில், "உண்மைன்னா எங்க வேணும்னாலும் சொல்லிறலாமாக்கா?" என்று கேட்டேன். "பின்ன எங்க சொல்றது, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயா?" என்றார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இனி அம்மன் காசுக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பெரிய வெள்ளிக்காசு ஒன்று உண்டு. அதில் ஒரு பெண் நிற்பாள். கையில் சூலம், பக்கத்தில் கேடயம், பின்னால் கடலும் கப்பலும். வெள்ளைக்காரர்களுக்கு அது யாரோ ஒரு தேவதை என்று பின்னால் கேள்விப்பட்டேன். எங்கள் தோட்டத்தில் அது மாரியம்மன்தான். சூலம் பிடித்த பொம்பளை வேறு யார்? கப்பல் எதற்கு என்று கேட்டால், "நம்மளோட கப்பல்ல வந்தவதானே" என்பார்கள். அந்தக் காசு வைத்திருந்த வீட்டில் பிள்ளை பிறந்தால், ஆசாரியிடம் கொடுத்து வளையம் பற்றவைத்துத் தொட்டில் கயிற்றில் கட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. அக்காவின் வீட்டில் இல்லை.

சந்தையில் அவர் உள்ளுக்குள் தேடியது அதைத்தான். ஆனால் சந்தைக்கு வந்த அம்மன் காசு ஒன்றுகூட நெசம் இல்லை. அதைத்தான் அதிகமாக வார்த்து விற்கிறார்கள். வருடக்கணக்காக ஒவ்வொரு பாயிலும் ஆசையோடு எடுப்பார், 'பொய்' என்று வைப்பார். போகப் போக அம்மன் காசைக் கையில் எடுக்கும்போதே அவர் முகத்தில் அந்தச் சொல் தயாராக இருக்கும்.

அந்த ஞாயிறு புதிதாக ஒருவர் பாய் விரித்திருந்தார். நம் ஆள், அறுபது வயது இருக்கும், வெள்ளை மீசை. பழைய பூட்டு, பித்தளைச் சொம்பு, ஒரு தட்டில் பத்துப் பதினைந்து காசு. முன்னால் கண்ணாடி போட்ட ஒருவர், பழைய காசு சேர்க்கிறவர், கோலாலம்பூரிலிருந்து வந்தவர், குந்தியிருந்தார். அவர் கையில் அம்மன் காசு. மறு கையில் பணம்கூட எடுத்துவிட்டார்.

"அக்கா, பாத்து சொல்லுங்களேன்" என்று அவரே நீட்டினார்.

காந்தம் ஒட்டவில்லை. சூலத்தில் மூன்று முனையும் கூராக இருந்தது. அக்காவின் மூச்சு வேகமானது எனக்குத் தெரிந்தது. விளிம்பைச் சுற்றிக்கொண்டே வந்தவர் விரல் ஓரிடத்தில் நின்றது. கோடு அங்கே இல்லை, ராவியிருந்தது. காசைத் தட்டிக் காதில் வைத்தார். சத்தம் மொக்கையாக வந்து நின்றது.

"பொய்!"

"அக்கா, தோட்டத்துல ஒரு வீட்ல வாங்குனதுக்கா" என்றார் மீசைக்காரர். "கள்ளக்காசு விக்கிற ஆள் நான் இல்ல."

"தோட்டத்துல பொய் இல்லையா? காசு வார்த்தது. இந்தா, ராவியிருக்கு பாரு. பொய்!"

ஐஸ் வைத்துப் பார்க்கவில்லை. எதற்கு, அதுதான் இரண்டு அடையாளம் கிடைத்துவிட்டதே என்றார். காசு என் கைக்கும் வந்தது, நானும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடிக்காரர் பணத்தை உள்ளே வைத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்துப் பாயில் இருந்தவர், "கள்ளக்காசு விக்க வந்துட்டான்" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் மீசைக்காரர் பாயைச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை காலை அக்காவும் நானும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் காசைத் தொட்ட உணர்வு என் கையை விட்டுப் போகவில்லை. காசு இல்லாமலே கட்டைவிரல் அந்த ராவிய இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. சட்டென்று எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா, அந்த ராவுன எடம் எங்க இருந்துச்சு?"

"விளிம்புல."

"விளிம்புல எங்க? அம்மன் காலுக்குக் கீழயா, பக்கத்துலயா?"

அக்கா கோப்பையை வைத்தார். விரலால் காற்றில் வட்டம் போட்டார். "தலைக்கு மேல."

"நேர் மேலயா?"

"நேர் மேல."

"எங்க வீட்டுக் காசுல வளையம் எந்த எடத்துலக்கா பத்தவச்சிருந்துச்சு?"

கண்டுபிடித்தது நான். இதை நான் சொல்லாமல் விடமாட்டேன். அறுபது வருடத்தில் அக்காவின் வாயை அடைத்தது அந்த ஒரு கேள்விதான். வளையம் பற்றவைப்பது அம்மன் தலைக்கு நேர் மேலேதான். அதை அறுத்து எடுத்து, பற்றவைத்த தழும்பை ராவியிருக்கிறார்கள். சூடு பட்டு, பற்றாசு ஏறிய காசு எங்கே மணி மாதிரி ஒலிக்கப்போகிறது? எங்கள் தொட்டிலில் தொங்கியதும் தட்டினால் மொக்கையாகத்தான் சத்தம் போடும். சீனர் சொன்னால் மன்னிக்கலாம், கோலாலம்பூர்க்காரர் சொன்னால் மன்னிக்கலாம். தோட்டத்துப் பொம்பளை அந்தத் தழும்பைப் பார்த்துப் பொய் என்று சொல்லலாமா?

அக்கா எழுந்தார். "அந்த ஆள் பேரு என்ன?"

"தெரியாது."

"நான் கெடுத்த பேரு, என்னான்னே தெரியல" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மீசைக்காரர் வரவில்லை. அவர் பாய் விரித்த இடம் காலியாகக் கிடந்தது. அக்கா எந்தக் காசையும் தொடவில்லை. ஒவ்வொரு பாயாகப் போய், "மீசை வச்ச தம்பி, மோட்டார்ல வந்தாரே, எந்த ஊரு?" என்று கேட்டார். பாதிப் பேர், "அந்தக் கள்ளக்காசுக்காரனா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்காவின் முகம் அறை வாங்கியது போல் ஆனது. கடைசியில் பூட்டு விற்கிற ஒருவர், பீடோர் காலைச் சந்தையில் பார்த்ததாகச் சொன்னார்.

மறுநாளே பஸ் ஏறினோம். பீடோர் சந்தையில் கொய்யாப்பழக் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாயில் பூட்டும் சொம்பும் மட்டும்தான். காசு இல்லை. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"இங்கயும் வந்துட்டீங்களாக்கா? இங்கயாவது என்னைப் பொழைக்க விடுங்களேன்."

"தம்பி, அந்தக் காசு இருக்கா?"

"இருக்கு. யாரு வாங்குவா? ஈப்போவுல என் பேரே கள்ளக்காசுக்காரன்."

"எடுங்க."

பையிலிருந்து துணியில் சுற்றியதை எடுத்தார். நான் தண்ணிக் கடைக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடினேன் என்றால் நம்புங்கள். ஒரு கோப்பை ஐஸோடு வந்தேன். அக்கா காசைக் கல்லின்மேல் வைத்து, ஒரு துண்டு ஐஸை அம்மன்மேல் வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கொய்யாப்பழக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். ஐஸ் நெளிந்தது, வழுக்கியது, ஓரம் சுருங்கியது. அம்மன் முகம் தண்ணீருக்குள் தெரிந்தது. நான் பத்து எண்ணுவதற்குள் துண்டு பாதியாகிவிட்டது!

"நெசம்" என்றார் அக்கா. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். "தம்பி, இது நெசம். வளையம் வச்சு அறுத்த காசு. நான் தப்பு சொல்லிட்டேன்."

மீசைக்காரர் காசின்மேல் மிச்சமிருந்த ஐஸைத் தட்டிவிட்டார். பிறகு காசைத் துடைத்து அக்காவிடமே நீட்டினார்.

"உங்களுக்கு இது மேல ஆசைன்னு அன்னிக்கே தெரிஞ்சுச்சு. கைய விட்டு வைக்க மனசே இல்ல உங்களுக்கு. நீங்களே எடுத்துக்குங்கக்கா. கள்ளக்காசு வெலைக்குத் தாரேன். நான் அங்க வரப் போறதில்ல, யாருக்குத் தெரியப் போவுது?"

நான் அக்காவைப் பார்த்தேன். வாங்கிக்கொள்ளட்டுமே என்றுதான் என் மனது சொன்னது. எத்தனை வருடம் தேடினார். அவர் கை நீளவும் செய்தது. காசின்மேல் ஒரு விரலை மட்டும் வைத்து எடுத்துவிட்டார். "கள்ளக்காசுதான் கள்ளக்காசு வெலைக்குப் போவணும். ஞாயித்துக்கிழமை ஈப்போவுக்கு வாங்க. அதே எடத்துல பாய் போடுங்க."

"இங்க சொல்லிட்டீங்களே, போதும்லா."

"இங்கயா நான் பொய்னு கத்துனேன்? அங்கதானே கத்துனேன்!"

வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. ஞாயிறு நாங்கள் ஆறு மணிக்கே போய் அந்த இடத்தில் நின்றோம், வேறு யாரும் பாய் போட்டுவிடாமல். எட்டு மணிக்கு மோட்டார் வந்தது. பாய் விரித்துக் காசுத் தட்டையும் ஓரமாக வைத்ததும் அக்கா பாயின் நடுவில் ஏறி நின்றார். அம்மன் காசைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"எல்லாரும் இங்க பாருங்க! இந்தத் தம்பி காசு நெசம்! இனி பெத்துல், பெத்துல்!" இது நெசம் என்பதை அக்கா மலாயிலும் கத்தியதும் மலாய்க்காரர்களும் சீனர்களும் திரும்பினார்கள்.

"போன வாட்டி பொய்னீங்களே அக்கா?" என்று பக்கத்துப் பாய்க்காரர் சிரித்தார்.

"போன வாட்டி பொய் சொன்னது காசு இல்ல. நான்!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. வளையம் பற்றவைத்த கதையைச் சொன்னார், தழும்பைக் காட்டினார், ஐஸ் வைத்தார். கரையக் கரைய ஆட்கள் பந்தய மைதானத்தில் நிற்பது போல் சத்தம் போட்டார்கள். கோலாலம்பூர் கண்ணாடிக்காரரும் வந்திருந்தார். பேரம் பேசாமல் பணத்தை எடுத்து மீசைக்காரர் கையில் வைத்தார். அம்மன் காசு கண்ணாடிக்காரர் சட்டைப் பையில் இறங்கியது. அக்கா அந்தச் சட்டைப் பையை முனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தார். மீசைக்காரர் முகத்தில் ஒரே சிரிப்பு. ஆட்கள் மீசைக்காரர் தட்டில் கைவைத்து, இது என்ன அது என்ன என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தேன். அக்கா கிளம்பவில்லை. அவர் கண் தட்டின் ஓரத்தில் கிடந்த ஒரு தாடி ராஜாவின்மேல் இருந்தது. அவர் குனிந்தார். எடுத்தார். தடவினார். தட்டிக் காதில் வைத்தார். ஐஸ் வைத்தார், அது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. காசைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார். நான் அவர் முதுகில் கிள்ளினேன். "அக்கா, இன்னிக்கு வேணாங்க்கா. இப்பதான் அந்த ஆள் பேரு நிமிந்திருக்கு."

அக்கா நிமிர்ந்தார்.

"தம்பி, இது பொய்!"

தட்டில் இருந்த கைகள் பின்னால் போயின. மீசைக்காரர் அக்காவைப் பார்த்தார், காசைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அக்கா காசை நீட்டிக்கொண்டே நின்றார், கையை இறக்கவில்லை. எனக்கு அந்தக் கல்யாணப் பெண்ணின் கண் ஞாபகம் வந்துவிட்டது.

மீசைக்காரர் காசை வாங்கினார். விளிம்பைத் தடவிப் பார்த்தார். தாடியைப் பார்த்தார். பிறகு பாயின் நடுவில் ஏறி நின்று, காசைத் தலைக்கு மேல் தூக்கி, அக்காவையே மிஞ்சுகிற தொண்டையில் கத்தினார்.

"இது பொய்! இதை யாரும் வெலை கேக்காதீங்க! மத்ததை எல்லாம் அக்கா பாத்து முடிக்கட்டும், அப்பறம் வாங்குங்க!"